களவுபோன பிள்ளை

எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று களவுபோய்விட்டது என்று நான் முடிவுகட்டியபோது எனக்கு எட்டு வயது. கள்ளி யாரென்பதும் எனக்குத் தெரியும். குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சானில் இருந்த சின்னம்மாதான், அம்மாவின் தங்கை. கலியாணமாகிப் பல வருடமாகியும் அவருக்குப் பிள்ளையில்லை. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

நான் பிறவியிலேயே ஒரு சந்தேகப் பிராணி. யாராவது இனிப்புத் தந்தால்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவேன். ஆனால் இந்த விசயத்தை நான் ஒன்றும் கற்பனை பண்ணவில்லை. அந்த வருடம் அம்மாவின் வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. இரண்டு வாய் சோறு இறங்காது, அதற்குள் ஓங்காளித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவார். முன்வீட்டு மாமி என் கன்னத்தைக் கிள்ளி, "இனி உன்ர செல்லமெல்லாம் முடிஞ்சுது, வீட்டில ஆள் வரப்போகுது" என்றார். அம்மா மறுக்கவில்லை. அவருக்கும் அப்படியொரு ஆசை இருந்திருக்க வேண்டும். பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, தோய்த்து, மடித்து அலுமாரியில் வைத்தார்.

பிறகு, துறைமுகத்தில் வேலையாயிருந்த அப்பா லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கொழும்பு ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். துணைக்குச் சின்னம்மாவும் ரயிலேறினார். என்னை முன்வீட்டு மாமியிடம் விட்டார்கள். சில கிழமைகள் கழித்து அம்மா திரும்பி வந்தபோது வயிறு இல்லை. கையிலும் ஒன்றும் இல்லை. சின்னம்மாவோ எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல், பெரிய பையொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூதூர் போகும் லாஞ்சிப் படகுக்கு ஓடினார்.

அம்மாவுக்கு வந்தது சூலகத்தில் புற்றுநோய், வயிற்றில் நிறைந்திருந்தது தண்ணீர், எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு மீதியைக் கடவுளிடம் விட்டு அனுப்பினார்கள் என்பதெல்லாம் பெரியவளான பிறகு நான் கேட்டறிந்தவை. அன்று அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. நான் உள்ளே வந்தால் கதை நின்றுவிடும். நான் வந்து கதை நின்றால் அங்கே ஏதோ கள்ளம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

சாட்சிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அடுத்த கிழமையே சின்னம்மா திரும்பி வந்து எங்கள் குசினியைப் பிடித்துக்கொண்டார். மிளகும் உள்ளியும் அரைத்துப் பத்தியக்கறி வைத்தார். சுறா வாங்கி வறை வறுத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கத்தான் சுறா வறை கொடுப்பார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. வெள்ளிதோறும் கோணேசர் கோயிலுக்குப் போகும் அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. பிள்ளை பிறந்தால் துடக்கு, துடக்கென்றால் கோயில் இல்லை. மனிசன் சாமியோடு கோபித்துக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். கறி நிலமெல்லாம் சிந்தியது. "பிள்ளை பெத்தவளுக்கு வைக்கிறதை எனக்கு ஏன் வைக்கிறாய்? நானென்ன பிள்ளையே பெத்தனான்?" என்று கத்தினார். சின்னம்மா துணியெடுத்துத் துடைத்தார். கதவுக்குப் பின்னால் நின்ற நான், அடி கள்ளிகளே, என்னைக் கண்டுவிட்டு என்னமாய் நடிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு சின்னம்மாவின் பார்வை என் மேல் திரும்பியது. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்து சொல்லச் சொல்ல, அவர் எனக்குத் தலை பின்னினார். "உச்சியை நேராப் பிரி, இல்லாட்டி நாள் முழுக்கச் சிணுங்குவாள். முட்டையில மஞ்சள் மட்டும்தான் தின்னுவாள். இடி முழங்கினாப் பயப்பிடுவாள், பக்கத்தில படு." இப்படி என் இரகசியங்களையெல்லாம் அம்மா எதிரியிடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். என் வாயை அடைப்பதற்குத்தான் இந்தத் தலைபின்னல் என்று எனக்கு விளங்கியது. பின்னிய பின்னலைச் சின்னம்மாவின் கண்முன்னாலேயே அவிழ்த்துவிட்டேன்.

பொறுக்க முடியாமல் ஒரு பின்னேரம் அம்மாவிடமே கேட்டேன். "எங்கட பிள்ளையைச் சின்னம்மாட்டக் குடுத்திட்டீங்களோ?"

அம்மா முதலில் திகைத்தார். பிறகு சிரித்தார். தைத்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கொழும்பிலிருந்து வந்தபின் அவர் சிரித்தது அன்றுதான். சிரிப்பு நின்றதும் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் குடுக்கேல்ல பிள்ளை" என்றார்.

"குடுக்க வேண்டாம்!"

"எனக்கு மட்டும் விருப்பமே? என்னால ஏலாமப் போனா, பாக்கிறதுக்கு ஆராவது வேணுமெல்லோ." அவர் குரல் உடைந்தது. ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்துவிட்டதே, அந்தச் சந்தோசப் புளுகத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூட விடுதலை விட்டதும் அம்மா என்னைச் சின்னம்மாவோடு அனுப்பினார். "போய்க் கொஞ்ச நாள் நிண்டு பார். பிடிச்சிருக்கோ இல்லையோ எண்டு எனக்கு வந்து உள்ளதைச் சொல்லோணும்." துப்பறிய இதைவிட நல்ல சந்தர்ப்பம் உண்டா? லாஞ்சியில் குடாவைக் கடந்து கட்டைபறிச்சானுக்குப் போனேன். சின்னம்மா கிணற்றடியில் நின்ற நேரமாகப் பார்த்து வீட்டைச் சல்லடை போட்டேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், நெல்மூட்டைக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கான ஆயத்தமெல்லாம் இருந்தது. புதுப் பாய், சின்னக் கதிரை, அலுமாரி நிறையப் புதுச் சட்டைகள். பிள்ளையைத்தான் காணோம்.

சட்டைகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சைப்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய சட்டையா? பெறாத மனிசிக்கு அளவு தெரியவில்லை, பாவம். ஒன்றைப் போட்டும் பார்த்தேன்.

வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடினேன். அவர் இன்னும் மெலிந்திருந்தார். சின்னம்மாவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, அவரிடம் கொடுக்கவே கூடாது, தைத்து வைத்திருக்கும் சட்டைகளைப் பார்த்தாலே தெரியும் என்று என் வழக்கை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அம்மா ஒன்றுதான் கேட்டார். "உனக்கு அளவோ?"

"எனக்கெண்டா நல்ல அளவு."

"அப்ப சரி" என்றார் அம்மா. எவ்வளவோ நாளைக்குப் பிறகு நோவில்லாத முகத்தோடு கண்ணை மூடிப் படுத்தார். நான் கஷ்டப்பட்டுப் பிடித்துவந்த குற்றத்தை விட்டுவிட்டு, ஒரு சட்டை அளவாயிருந்ததற்கு இந்த மனிசி ஏன் இவ்வளவு நிம்மதிப்படுகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.