தரிசு என்று எழுதிய குன்று

முதல் நாள் அந்தக் குன்றில் ஏறியபோது அங்கே யாரும் இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. இடுப்பளவு புல், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து மறுபடி எழுந்துகொண்டிருந்தது. அளவுச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பத்தடி தள்ளி, புல்லுக்குள்ளிருந்து அரிவாளோடு ஒரு பெண் எழுந்தாள். "பாத்து நில்லுங்க சாரே, காடை முட்ட விட்டிருக்கு" என்று என் காலடியைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, புள்ளி போட்ட ஐந்து முட்டைகள்.

எழுபதுகளின் முற்பகுதி அது. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே ரயில் பாதை போடுவதற்காக நிலம் அளந்துகொண்டிருந்தோம். நான் நாகர்கோவில்காரன். திருவனந்தபுரத்தின் பெரிய சந்தையான சாலைக் கம்போளத்தில் ஒரு கடை மாடியில் தங்கி, காலை பஸ்ஸில் பாறசாலைப் பக்கம் போய் வருவேன். எந்த நிலத்தில் என்ன இருக்கிறது, யார் அனுபவிக்கிறார்கள் என்று படிவத்தில் குறிப்பது என் வேலை. அரிவாளோடு எழுந்தவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் அந்தக் குன்றில் புல் அறுத்து, பஸ் மேல் கட்டுக்கட்டாக ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவருவார்கள். அரிசி மூட்டை இழுக்கும் வண்டி மாடுகளுக்கு அந்தப் புல்தான் தீனி. நான் தங்கியிருந்த மாடிக்குக் கீழேதான் அந்த மாடுகள் நிற்கும். தினமும் அந்தப் புல்லை மிதித்துக்கொண்டுதான் நான் வேலைக்குக் கிளம்பியிருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டு வாரம் அந்தக் குன்றில் அளந்தோம். மதியத்தில் அக்கா தூக்குவாளியில் கொண்டுவரும் கஞ்சியில் எனக்கும் ஒரு பங்கு ஊற்றுவாள். ஓணத்துக்கு முன்னால் பாறைச் சரிவெல்லாம் நீலமாகக் காக்காப்பூ பூக்கும் என்றாள். அடிவாரத்தில் அவர்கள் வீடுகளுக்கு நடுவே இருந்த கிணற்றைக் காட்டி, "இந்தப் புல்லு மழவெள்ளத்தப் பிடிச்சு வச்சுத்தான் சாரே அதுக்குக் குடுக்குது. மீன மாசத்து வெயில்ல கூட வத்தாது" என்றாள். கடைசி நாளில், "எழுதும்போ நாங்க இங்க அறுக்கோம்னு எங்க பேரயும் சேத்து எழுதணும், என்னா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

தாழ்ந்த வயல்களில் பாதைக்குக் கரை எழுப்ப ஏராளமான மண் வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருந்தோம். ஒன்று சற்றுத் தள்ளியிருந்த தனியார் சரிவு, இன்னொன்று பட்டா இல்லாத இந்தக் குன்று. எஞ்சினியர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, குன்றை யாராவது அனுபவிக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் வில்லேஜ் ஆபீஸில் விசாரணை வைத்து, ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டும். அது என் தலையில்தான் விழும். குறைந்தது பத்து நாள். அந்த வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் எனக்கு நிச்சயதார்த்தம். லீவு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். "இல்ல சார், வெறும் புல்லுதான்" என்றேன். அவர் தலையசைத்தார். படிவத்தில் 'தரிசு' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள்.

லாரிகள் ஏற வழி வெட்டியதும் குன்றின் பாதி ஒரு வருஷத்துக்குள் போய்விட்டது. மிச்சப் பாதிக்கு அந்த லாரி வழியே வினையாயிற்று. அதன் வழியாக ஆட்கள் ஏறி, புல்லுக்குத் தீ வைத்து மரச்சீனிக் கிழங்கு நட்டார்கள். இரண்டு விளைச்சல் எடுத்த பிறகு ரப்பர் கன்றுகள் வந்தன. அடிவாரத்துக் கிணறு அடுத்த கோடையிலேயே வற்றிவிட்டது.

அதற்கெல்லாம் முன்பே, லாரிகள் ஏறத் தொடங்கிய புதிதில் அக்கா ஒரு நாள் ஆபீஸுக்கு வந்தாள். கதவோரம் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் திட்டுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் அங்க நிண்ணத நீங்க கண்டதுதானே சாரே?"

"மேல உள்ளவங்க தீர்மானிச்சதுக்கா. என் கையில ஒண்ணுமில்ல" என்றேன்.

"செரி" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பாதைக் கரையில் மண் சுமக்கும் பெண்களின் வரிசையில் அவளைக் கண்டேன். அவளுடைய குன்றின் செம்மண் கூடைகூடையாக அவள் தலைமேலேயே போய்க்கொண்டிருந்தது. எதிரில் வந்தபோது நான் வரைபடத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மேற்பார்வைக்கு அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் வேறு ஒருவரை அனுப்பினேன்.

பாதை ஓடத் தொடங்கிய பிறகு மனைவியோடு பலமுறை அந்த வழியே போயிருக்கிறேன். ரப்பர் மரங்களைப் பார்த்து, "எவ்வளவு பச்சை" என்று அவள் ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவாள். அங்கே வேறொரு பச்சை இருந்தது என்று அவளிடம்கூட நான் சொன்னதில்லை. சொன்னால் எங்கள் நிச்சயதார்த்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்பதுகளில் சாலைச் சந்தையில் அந்தப் புல்லறுக்கும் பெண்களில் ஒருத்தியைப் பார்த்தேன். அக்கா தன் மகளோடு போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து கிள்ளப் போய் ஐந்தாறு வருஷமாகிறது என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு ஏத்தன்பழம் வாங்கிக்கொண்டு மலையடிவாரத்து வித்துரா வரை போனேன். போனக்காடு பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பெரிய சர்க்கார் தன்னை ஒதுக்கிவிட்டது என்று நினைத்து அவள் ஆறியிருக்கலாம். ஒருத்தன் தன் நிச்சயதார்த்த லீவுக்காக 'இல்லை' என்று சொன்னதுதான் காரணம் என்று போய்ச் சொன்னால் அவளுக்கு எவ்வளவு வலிக்கும்? தெரியாமலே இருக்கட்டும். அது அவளுக்கு நான் செய்கிற நல்லது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, எஞ்சின் உறுமியபோது இறங்கிவிட்டேன்.

பஸ் வளைவு திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தெரியாமலா அன்று ஆபீஸில் அப்படிக் கேட்டாள்?

அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து என்றார்கள். நான் காத்திருக்கவில்லை.