அடியிலிருந்து கறுத்த பசை

1. மூடிகள்

ஸ்டோரில் நின்ற நான்கு நீல டிரம்களில் ஒன்று ‘டொக்’ என்றது. யாரும் அதைத் தொடவில்லை. சற்று நேரத்தில் அடுத்ததும் சத்தமிட்டது.

மலேசியாவில் காப்பார் பக்கம் உள்ள ஒரு பசைத் தொழிற்சாலையில் நுண்ணுயிரியல் பரிசோதகராக எனக்கு அது மூன்றாம் வருடம். அட்டைப்பெட்டி ஒட்டும் வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். கெடாமல் இருக்க அதில் ஒரு மருந்து கலப்போம். அந்த நான்கு டிரம்களையும் ரவாங் வாடிக்கையாளர் லோரியில் திருப்பி அனுப்பியிருந்தார். மூடிகள் உப்பியிருந்தன. ஒன்றை உள்ளங்கையால் அழுத்தினேன், இறங்கியது. கையை எடுத்ததும் மெதுவாக எழுந்தது.

திறந்தால் பசை பால்போல் வெள்ளையாக இருந்தது. மேலாகக் கரண்டியில் எடுத்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டுகளில் தேய்த்து, இன்குபேட்டரில் வைத்தேன். மூன்றாம் நாள் நான்கு தட்டுகளிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

தட்டு நிறைய வளர்ந்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. சுத்தமான தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி ‘டொக்’ என்றது.

2. என் ரிப்போர்ட்

மேனேஜர் குணசேகரன் என் பழைய ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்திருந்தார்.

“கிருமிய நாமளே பசையில போட்டு டெஸ்ட் பண்ணோம். கெடல. நீங்கதானே எழுதினது?”

“ஆமா சார்.”

“அப்போ ஃபார்முலா ஓகே. அந்தோணி மருந்து போடல, அவ்வளவுதான்லா. அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. வேலைய விட்டு அனுப்பிடுவோம்.”

கெட்ட பசையில் மருந்து சிதைந்துபோயிருக்கும். இப்போது அதை அளந்தாலும், அந்தோணி போட்டாரா இல்லையா என்று சொல்ல முடியாது. அந்தோணிக்கு எதிராக இருந்த ஒரே சான்று என் ரிப்போர்ட்தான்.

அந்தோணி அண்ணன் கலவைத் தொட்டியின் ஆபரேட்டர், பண்டமாரான் ஊர்க்காரர். நான் டிரம்களுக்கிடையே நின்றபோது வந்தார்.

“என்ன டாக்டரம்மா, பொணம் அறுக்கிறீங்களா? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னையும் சேர்த்து அறுத்திடுங்க.”

“மருந்து போட்டீங்களா அண்ணே?”

“போட்டேன்மா. காலி கேன காட்டினேன். தொட்டியில ஊத்தினியா, லொங்காங்ல ஊத்தினியான்னு கேக்குறாரு.” லொங்காங் என்பது சாலையோரச் சாக்கடை.

டிரம்மை அடிவரை கலக்கித் தரச் சொன்னேன். நீளமான கம்பியை இறக்கி, கலக்கும் முன் வெளியே இழுத்தார். மேல் பாதி வெள்ளை. கீழ்ப் பாதி கறுப்பு. அழுகிய முட்டை வாடை கிளம்பியது.

அவர் கம்பியைத் தூரப் பிடித்துக்கொண்டார். “மேல ஒரு மூஞ்சி, கீழ ஒரு மூஞ்சி. பேய் பிடிச்சிருக்கு லா.”

அப்போதுதான் புரிந்தது. காற்று பட்டால் வளராத கிருமிகள் உண்டு. என் தட்டுகள் எல்லாம் காற்றில் இருந்தவை. பழைய பரிசோதனையிலும் புட்டிகளை வாராவாரம் திறந்தேன். காற்றில் வாழ்பவற்றை மட்டும் தேடிவிட்டு ‘கிருமி இல்லை’ என்று எழுதியிருந்தேன்.

3. இரண்டு புட்டிகள்

செய்தவை:

அ) அதே ஃபார்முலா, மருந்தை நானே அளந்து ஊற்றியது.
ஆ) ஒரு புட்டியில் மட்டும் ஒரு கரண்டி கறுத்த பசை.
இ) இரண்டையும் விளிம்புவரை நிரப்பி, காற்றில்லாமல் மூடியது.

நான்காம் நாள் கலந்த புட்டியின் அடியில் சாம்பல் நிறக் கோடு. ஐந்தாம் நாள் ஒரு விரல் உயரம். காலையில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் அதைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே வந்திருக்கும். பக்கத்துப் புட்டி வெள்ளையாகவே இருந்தது.

மருந்து போட்ட பசையும் கெடுகிறது. ஆனால் அந்த முதல் கரண்டி தொழிற்சாலையில் எங்கிருந்து வந்தது? டிரம் லேபிள்களைப் பார்த்தேன். நான்கும் வெவ்வேறு திங்கட்கிழமைகள். நான்கிலும் டிரம் எண் ஒன்று. அதே கலவைகளின் மற்ற டிரம்களை வாடிக்கையாளர் குறையில்லாமல் பயன்படுத்தியிருந்தார்.

“சனிக்கிழமை மூடறப்போ, தொட்டியிலேர்ந்து டிரம்முக்கு வர்ற பைப்ப என்ன பண்ணுவீங்க அண்ணே?”

“தண்ணி ரொப்பி ரெண்டு வால்வையும் மூடுவேன். பசை காஞ்சி அடைச்சிடும்ல. திங்கக்கிழமை மொத டிரம்முல அதுவும் போயிடும்.”

“யார் அப்படிச் செய்யச் சொன்னது?”

அவர் ஆணியில் தொங்கிய ஃபைலை எடுத்துத் தந்தார். சுத்தம் செய்யும் பட்டியல், ஆறாவது வரி: ‘குழாயில் தண்ணீர் நிரப்பி மூடவும்’. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருடைய டிக். கீழே ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து.

திங்கட்கிழமை காலை, பசை ஓடும் முன், வாளியை வைத்து அடி வால்வைத் திறந்தேன். காற்றுப் படாமல் இரும்புக் குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் கறுப்பாக வந்தது.

4. வெள்ளிக்கிழமை

விசாரணை அறைக்கு இரண்டு புட்டிகளையும் பட்டியலையும் கொண்டுபோனேன். கறுப்பு அன்று கழுத்துவரை ஏறியிருந்தது.

“மருந்து போடலன்னா எல்லா டிரம்மும் கெட்டிருக்கணும் சார். மொத டிரம் மட்டும்தான் கெட்டிருக்கு. தப்பு ஆறாவது வரியில இருக்கு. எழுதினது நான்.”

மேனேஜர் புட்டியைக் கையில் எடுக்கவில்லை. “இத ரெக்கார்ட்ல போட்டா உங்க பேரும் வரும், தெரியுமா?”

“போடுங்க சார்.”

அந்தோணி அண்ணனை வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாசலில் அவர் நின்றிருந்தார்.

“டாக்டரம்மா, இனிமே லிஸ்ட் எழுதினா, குழாய்ப் பக்கம் வந்து நின்னு எழுதுங்க.”

இப்போது வாரக் கடைசியில் குழாயைக் கழுவி, வடித்து, காற்றடித்து உலர்த்துகிறோம். ஆறாவது வரியை அங்கே நின்றுதான் மாற்றினேன். சுத்தமான தட்டு வந்தால் ‘கிருமி இல்லை’ என்று நான் எழுதுவதில்லை. எதைத் தேடினேன், எதைத் தேடவில்லை என்று இரண்டு வரிகள் எழுதுகிறேன். இரண்டாவது வரிதான் எப்போதும் நீளம்.