மகளின் தலைமாட்டுச் சுவர்

சென்ற ஆண்டு ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை. மொன்றியலின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள எங்கள் பழைய மரவீட்டில் நடந்தது இது.

வீடு வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது, வெளிச்சுவர்களுக்குள் வெறும் காற்றுத்தான் என்று. பதின்மூன்று வயது மகள் கம்பளித் தொப்பியோடு படுத்தாள். அடுத்த பனிக்குள் சுவர்களை அடைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். வெளிப்பலகையில் துளை போட்டு, அரைத்த கடதாசிப் பஞ்சைக் குழாயால் உள்ளே ஊதி நிரப்புவார்கள்.

அந்த வேலை செய்கிற ஒரு தமிழர் கிடைத்தார். பஞ்சாங்கம் பார்த்து, பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் தொடங்கவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். வந்தவரோ இயந்திரத்தைத் தொடவே இல்லை. அறை அறையாகப் போய், சுவரில் இருந்த பிளக் மூடிகளைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்றே முக்கால்.

“தம்பி, ஒரு துளையாவது போடுங்கோவன். நல்ல நேரம் முடியப்போகுது.”

“எந்தப் பஞ்சாங்கம் அக்கா?”

“ஊரிலை இருந்து வந்தது.”

“அப்ப அங்கை இப்ப இரவு. உங்கடை நல்ல நேரம் எப்பவோ முடிஞ்சு போச்சு!”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

“பாருங்கோ. அதுக்கு முதல் இதையும் ஒருக்காப் பாருங்கோ” என்று மகளின் அறைக்குக் கூட்டிப்போனார்.

கட்டிலை இழுத்து, தலைமாட்டில் இருந்த பிளக்குக்குள் வெளிச்சம் அடித்தார். துணி சுற்றிய பழங்கால வயர். துணி உதிர்ந்து செம்பு தெரிந்தது. பக்கத்து மரச்சட்டம் கரிந்து கறுத்திருந்தது.

“இதைச் சுத்திப் பஞ்சை அடைச்சால் இந்தச் சூடு எங்கை போகும் அக்கா?”

சுவரோரம் கிடந்த தலையணையை இழுத்தெடுத்தேன். அவரே போய் அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்தினார்.

எலக்ட்ரீஷியன் வந்து வயர்களை மாற்ற இரண்டு கிழமை எடுத்தது. பிறகுதான் அந்தத் தம்பி வந்து பஞ்சு ஊதினார். அன்று தொடங்கியது சரியாக ராகு காலத்தில். நான் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டேன்.

அறை இப்போது நல்ல கதகதப்பு. ஆனாலும் படுக்கப் போகுமுன் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. “அம்மா, சுவருக்குக் காய்ச்சலோ?” என்று மகள் கேலி செய்வாள். என் அவசரத்துக்கு அந்தத் தம்பி மசிந்திருந்தால், இந்தக் கேலியைக் கேட்க எனக்குக் கொடுத்துவைத்திருக்காது.