மாலை போட்ட சைக்கிள்

நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தபின், பல் தேய்ப்பதைக்கூட நான் இரண்டு தவணையாக ஆக்கிவிட்டேன். ஒரு பக்கம் முடித்ததும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபக்கம். தும்மல் வந்தால் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தும்மினேன்.

டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இந்தச் சீசனுக்கு அருவியில் குளிக்கலாமா? தென்காசிக்காரன் வேறு எதைக் கேட்பான்? அவர் ஒரு சைக்கிளைக் காட்டினார். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்க வேண்டும். முதலில் மோட்டாரே காலைச் சுற்றிவிடும். நாம் கொஞ்சம் கொஞ்சமாக நம் பலத்தைச் சேர்க்க வேண்டும். மோட்டார் எவ்வளவு, நாம் எவ்வளவு என்று திரையில் இரண்டு கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். மூச்சு வாங்காமல் இருபது நிமிடம் நானே மிதித்தால், கனமில்லாத ஓரத் தண்ணீரில் நிற்கலாம் என்றார்.

சைக்கிள் வேனில் வந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி, மேலே வெள்ளை பிளாஸ்டிக். நான்கு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் உள்ளே தூக்கிவந்தார்கள். எனக்கு மாரடைப்பு வந்தது தெருவுக்கே தெரியும். இறந்தவரைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டி எப்படி வரும் என்பதும் தெரியும். தெருமுனை டீக்கடை அண்ணாச்சி பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, வாடகைக்கு ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி சொல்லி, பூக்கடைக்கும் போயிருக்கிறார்.

இதெல்லாம் தெரியாமல் நான் உள்ளே சைக்கிளில் உட்கார்ந்து, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடியிருந்தேன். மோட்டார் என் கால்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. என் பங்காக நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே ரோஜா மாலையுடன் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் தலைகுனிந்தபடி பாதித் தெரு.

ஒரு கணம் சத்தியமாக நம்பிவிட்டேன், நான் போய்விட்டேன் என்று. அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“ஏலே, காலு ஆடுதுலே.”

“அவுக மிதிக்கல அண்ணாச்சி,” என்றாள் அடுப்படியிலிருந்து வந்த மனைவி. “மோட்டாருதான் மிதிக்குது. அவுக சும்மா பயந்துக்கிட்டு இருக்காக.”

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. நான் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, கால் தானாக அழுத்தியது. மனைவி திரையைக் காட்டினாள். அதுவரை தரையோடு கிடந்த என் கோடு எழுந்து நின்றது. நெஞ்சு ஒன்றும் வெடித்துவிடவில்லை.

வாங்கிய மாலையைத் திருப்பிக் கொடுக்க முடியாதென்று அண்ணாச்சி அதைச் சைக்கிளுக்கே போட்டார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தோம். வாடகைக்கு வந்த நாற்காலிகளில் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, அண்ணாச்சி தினமும் சாயங்காலம் எனக்கெதிரே வந்து உட்கார்ந்தார். மோட்டார் கோடு ஏறினால், “உனக்குப் போடணும்னா சொல்லு, மாலை இன்னும் வாடல,” என்பார். அந்த ஏச்சுக்காகவே மிதித்தேன். ஐந்து நிமிடம் பத்தானது. மாலை சருகாகி உதிர்ந்தபோது இருபதையும் தாண்டியிருந்தேன். டாக்டர் தலையாட்டினார்.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் குற்றாலம் போனோம். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அருவி வரை நான் நிற்காமல் நடந்தேன். பாதி வழியில் அண்ணாச்சிதான் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே.

“அண்ணாச்சி, அம்பது சேர் சொல்லட்டுமா?”

“முதல்ல தண்ணிக்குள்ள போலே,” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஓரத் தண்ணீர் தலையில் விழுந்தது. பழக்கதோஷம், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். அந்த இரைச்சலில் ஒரு எழவும் தெரியவில்லை. கையை விட்டுவிட்டுக் குளித்தேன்.