வட்டத்துக்குக் கீழே

நேற்று தச்சர் எங்கள் வாசற்கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசியதும், அந்த வாசனை என்னைக் கோட்டைக்குப்பத்துக்கு அப்பால், இப்போது கடல் தின்றுவிட்ட சவுக்குத்தோப்புக்கு இழுத்துப் போய்விட்டது. ராணுவம் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகளை எங்கள் பள்ளி மாணவர் படைக்கு அங்கேதான் சுடக் கொடுப்பார்கள். அவற்றின் மரக்கட்டையில் இதே எண்ணெய் ஊறியிருக்கும், சுட்டால் தோளை உதைக்கும், சத்தத்துக்குப் பக்கத்து ஏரியின் பறவைகள் மொத்தமாக எழும்பும்.

எதிரே நட்டிருந்த குறி அட்டையின் கறுப்பு வட்டத்தில் சுட்டவன்தான் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். நான் சுட்டதெல்லாம் வட்டத்துக்குக் கீழே விழுந்தது.

"இன்னாடா, மண்ணையா சுடற?" என்று பக்கத்தில் படுத்திருந்த சேகர் சிரித்தான்.

எங்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த ஹவில்தார் அட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "எல்லாம் ஒரே எடத்துல போயிருக்கே! ஏண்டா கீழயே வச்ச?"

"நண்டு குத்தற பழக்கம் சார். தண்ணில தெரியற எடத்துக்குக் கீழதான் அது இருக்கும்."

"இங்க ஏதுடா தண்ணி? தெரியற எடத்துலயே வையி" என்று இன்னொரு சுற்றுக் குண்டு கொடுத்தார்.

அந்தச் சுற்றில் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ந்து, வட்டத்தின் நடுவைக் கிழித்துவிட்டன. போட்டிக்கு என் பெயரைச் சொல்லிவிட்டு, அட்டையிலும் அதை எழுதி என்னிடமே கொடுத்தார் ஹவில்தார். பள்ளிக்கூடப் படியே மிதிக்காத நைனா, அதிலிருந்த என் பெயரை வாசிக்கத் தெரியாமலே, அட்டையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை முழுக்க அலைந்தார்.

"எம்புள்ள சுட்டதுப்பா. வெரல வுட்டுப் பாரு, வுட்டுப் பாரு" என்று ஒருத்தரையும் அவர் விடவில்லை.