கொல்லையில் நின்ற கூரை

அரசுக் குடியிருப்பின் கூரையில் கைவைக்க மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், வேலையை முடித்துவிட்டுப் பிறகு தெரிவிக்கலாம். அரியலூர் ஆபீஸில் இந்த விதியை மற்றவர்களுக்கு விளக்குபவன் நான். ஆபத்து என்றால் உத்தரம் முறிவது, சுவர் சாய்வது என்று விளக்கியிருந்தேன். நோய் அதில் சேராது.

என் மனைவிக்கு சயரோகம். காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்றார் டாக்டர். எங்களுடையது வரிசை வீடு. அவள் படுத்திருந்த நடு அறைக்கு இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் வைக்க மிச்சமிருந்தது ஓட்டுக் கூரை ஒன்றுதான்; ஓட்டைப் பிரித்து, தனியாக ஒரு குட்டிக் கூரையோடு ஜன்னலை அதில் எழுப்ப வேண்டும். மூன்று பிரதிகளில் விண்ணப்பம் திருச்சிக்குப் போயிற்று.

குன்னத்திலிருந்து வந்த ஆசாரி சும்மா இருக்கவில்லை. வீட்டுக் கூரையின் சரிவை அளந்து, அதே சரிவில் கொல்லையில் ஓடு தாங்கும் கைமரங்களைச் சாய்த்து நிறுத்தி, அவற்றின்மேல் ஜன்னலுக்கான குட்டிக் கூரையைப் பூட்டிப் பார்த்தார். இரண்டு கூரையும் சேரும் பள்ளத்தில் போகிற கைமரம்தான் தொல்லை. அதன் நுனியை இரு பக்கமும் சாய்த்து அறுக்க வேண்டும். ஒன்றைக் கெடுத்தார். அடுத்தது பொருந்தியது.

"மேல ஏத்த ஒரு நாள் போதுங்க சார்."

"ஆர்டர் வரட்டும் ஆசாரி."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க, அத மேல ஏத்தத்தானே ஆர்டர்? என்னையக் கொண்டுபோயி அதுக்கடியில படுக்கவைக்க ஆர்டர் வேணாமுல்ல?"

கட்டிலைத் தூக்கிப்போனோம். ஓடு வேயாத கைமரங்களுக்கிடையே வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்பது நாள் படுத்திருந்தாள். இருமல் தணிந்தது போலிருந்தது. பத்தாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கட்டில் நடு அறைக்கே திரும்பியது.

நான் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். பிறகு இன்னொன்று.

மழை விட்டிருந்த ஒரு காலையில் ஆசாரி வந்து நின்றார். "ஓட்டப் பிரிச்சிடறேன் சார். நீங்க ஆபீஸ் போயிட்டு வாங்க. நீங்க பாக்கல, அவ்வளவுதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சுவர் சாயவில்லை, உத்தரம் முறியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன். அதன்பின் அவள் ஜன்னலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கார்த்திகை பிறந்து நான்காம் நாள் விடியற்காலையில் இறந்தாள்.

கருமாதிக்கு வந்த உறவினர் ஒருவர் கொல்லையைக் காட்டி, "என்ன மாப்ள, கோழிக்கூடா?" என்றார். ஆமாம் என்றேன்.

திருச்சியிலிருந்து ஒரு வரிப் பதில்: அனுமதிக்கப்படுகிறது. தபால்காரர் அதைக் கொடுத்தது 1943 டிசம்பர் 9 அன்று.