அண்ணன் போனில் என் வலைப்பூ

நான் குடியிருக்கும் ஜெர்மன் சிற்றூரில் ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் படிப்பது எனக்குத் தினசரி வேடிக்கை. முயல் வளர்ப்போர் சங்கம், ஆண்கள் பாட்டுச் சங்கம், பழைய டிராக்டர் வைத்திருப்போர் சங்கம். நாலு பேருக்கு ஒரே விஷயம் பிடித்துப்போனால் உடனே தலைவர், பொருளாளர், விதிமுறை, ஆண்டுக் கூட்டம். இதற்கு 'ஃபெராயின்' என்று பெயர். எங்கள் ஏரியூரில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர் அதை ஓட்டுவார், ஓடாவிட்டால் திட்டுவார். அதற்காகக் கூட்டம் போட மாட்டார். அந்தச் சீட்டுகளுக்கு நடுவே ஒருநாள் கணினிச் சங்கத்தின் சீட்டு இருந்தது. உறுப்பினராகச் சேர்ந்தால் விளம்பரமில்லாத சொந்த இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தருவார்களாம். ரொட்டியை வாங்காமலேயே அந்த முகவரியைத் தேடிக்கொண்டு போனேன். அவ்வளவு வெறுத்துப்போயிருந்தேன்.

வெறுப்புக்குக் காரணம் என் வலைப்பூ. இங்கே முதியோர் இல்லத்தில் செவிலியாக வந்து சேர்ந்த புதிதில், ஒரு பெரிய நிறுவனத்தின் இலவசத் தளத்தில் அதைத் தொடங்கினேன். ஊர் உலகத்துக்காக எழுதுவதாகத்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எழுதியது சென்றாயன் அண்ணனுக்கு. அண்ணன் பென்னாகரத்தில் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் கண்ணில் நீரழுத்த நோய் வந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நான் நர்சிங் படித்த காலத்தில், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் காலையில் அவருக்குச் செய்தித்தாள் வாசிப்பேன். தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுத் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவார். "முழுசா படி பாப்பா, துட்டு குடுத்துத்தான வாங்கறோம்" என்பார். நான் விமானம் ஏறிய பிறகு அவர் போனே அவருக்கு வாசிக்கத் தொடங்கியது. திரையில் இருப்பதை அது உரக்கச் சொல்லும். அந்தக் குரலுக்குப் பின்னால் நான் இருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

போன வருடம் அவர் பேச்சில் ஏதோ குறைந்தது. எதை எழுதினாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். நானும் முறைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன். கடைசியில் அண்ணி உடைத்துச் சொல்லிவிட்டார். "அவர் உன் பக்கத்தைத் தொறக்கறதே இல்லைங்க பாப்பா. இஸ்கூல்ல மானம் போயிடுச்சாம்." போனை அண்ணன் வாங்கினார்.

"கோவிச்சுக்காத பாப்பா. உன் வூட்டுக்குள்ள வர்றதுக்குள்ள வாசல்ல பத்துப் பேரு கையப் புடிச்சு இழுக்கறாங்க. ஒருத்தன் முடி வளர எண்ணெய் விக்கறான், ஒருத்தன் கடன் வேணுமாங்கறான். மூடலாம்னு தடவுனா 'பட்டன், பட்டன், பட்டன்'னு சொல்லுது. எந்தப் பட்டன்னு அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஆசிரியர் அறையில ஹெட்மாஸ்டர் முன்னாடி 'உங்கள் வழுக்கைக்குத் தீர்வு'ன்னு கத்துது. அவருக்கு வழுக்கை."

சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். அதற்கப்புறம் கோபம் வந்தது. நான் எழுதியதன் மேல் எவனெவனோ கடை விரித்திருக்கிறான், படிக்க வேண்டிய ஒரே ஆள் வெளியே நிற்கிறார்.

வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று கிளம்பினால் அது ஒரு தனிக் கொடுமை. ஒரு வாடகைத் தளத்தில் விமானி அறை போல அத்தனை பொத்தான்கள். இன்னொன்று இலவசம்தான், ஆனால் 'கமிட்' செய், 'புஷ்' செய் என்று கருப்புத் திரையில் கட்டளை எழுதச் சொன்னது. பழைய தளத்திலிருந்து பதிவுகளையெல்லாம் இறக்கிப் பார்த்தால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள் பக்கம் பக்கமாக வரிசை கட்டி நின்றன. என் பத்து வருட வாழ்க்கை யாருக்கும் புரியாத மொழிக்குப் போய்விட்டிருந்தது.

இந்த நிலையில்தான் கணினிச் சங்கத்துக்குப் போனேன். நூலகத்தின் கீழ்த்தளம். தபால் துறையில் ஓய்வுபெற்ற யோர்க் என்பவர், இரைந்துகொண்டிருந்த ஒரு பழைய கணினியைக் காட்டி, "இதுதான் எங்கள் சர்வர்" என்றார். எங்கள் பென்னாகரம் பிரவுசிங் சென்டரில்கூட இதைவிட நல்ல பெட்டி இருந்தது. ஆனால் கோடு போட்ட எழுத்துகளைப் பார்த்து அவர் அசரவில்லை. எந்த முறையில் எழுத்தைப் படிக்க வேண்டும் என்று கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தார். தமிழ் திரும்பி வந்தது.

அந்த மகிழ்ச்சியில் அவசர ஜெர்மனில் சொன்னேன்: "என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. பக்கம் அவரோடு பேச வேண்டும்." யோர்க் பலமாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் போனால் ஒவ்வொரு பதிவுக்கு மேலும் ஒரு ஒலிப்பெட்டி பொருத்தியிருந்தார், முக்கோணப் பொத்தானோடு. "நீங்கள் பேசிப் பதிவு செய்தால் போதும்" என்றார் பெருமையாக. இரண்டு வாரம் உழைத்ததைப் போன்ற முகம். இல்லை ஐயா, அவர் போனே வாசிக்கும், பக்கம் குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்று புரியவைப்பதற்குள் என் வேலை நேரம் வந்துவிட்டது. அவர் ஒலிப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிய சோகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

கடைசியில் வெறும் எழுத்து மட்டும் உள்ள பக்கம் தயாரானது. தலைப்பு, பத்திகள், தேதி. அண்ணனுக்கு முகவரியை அனுப்பிவிட்டு அழைத்தேன்.

"எப்படிங்கண்ணா இருக்கு?"

"பாப்பா, என்னமோ வேத்து பாஷையில சொல்லுது, உங்கண்ணி பாத்துட்டு அது ரெண்டாயிரத்துப் பதினெட்டுங்கறா. அப்புறம் சத்தமே இல்ல. மறுபடி ஒரு நம்பர். நீ கணக்குப் பாடமா எழுதற?"

போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. அடுத்த கூட்டத்தில் யோர்க் கோளாறைத் தேடிப் பிடித்தார். சங்கத்தின் மாதிரிப் பக்கத்தில் 'இது ஜெர்மன்' என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் போன் அதை நம்பி ஜெர்மன் குரலை அழைத்திருக்கிறது. அவளுக்குத் தமிழ் தெரியாது, எண்களை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். 'இது தமிழ்' என்று மாற்றினோம். இரண்டே ஆங்கில எழுத்து. அங்கே வந்து சேர மூன்று மாதம்.

இத்தனையும் முடிந்தது என்று நினைத்தபோது யோர்க், பக்கத்தின் அடியில் 'இம்ப்ரெஸும்' என்று ஒன்று போட வேண்டும் என்றார். எழுதுபவரின் முழுப் பெயரும் வீட்டு முகவரியும். சொந்த விஷயம்தானே என்று வாதாடினேன். "எதற்கும் போட்டுவிடுவோம்" என்றார். இங்கே 'எதற்கும்' என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் பேச்சில்லை. அவரே அந்த வரியை எழுதி, 'இது ஜெர்மன்' என்றும் ஒழுங்காகக் குறித்துவிட்டார்.

அன்றைக்கு அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார், நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னணியில் ஒகேனக்கல் பஸ்ஸின் ஹாரன். தமிழ்க் குரல் நான் எழுதியதைத் தடுமாறாமல் வாசித்தது. எண்ணெய் இல்லை, கடன் இல்லை. "ஆங், இது நீதான்" என்றார் அண்ணன். பத்திகள் முடிந்ததும் திடீரென்று குரல் மாறியது. ஒரு ஜெர்மன்காரி, "செல்வி மடாயான்" என்று தொடங்கித் தெருப் பெயரைச் சொன்னாள்.

மாதையன் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். மாதையன் எங்கள் அப்பா. செல்வி என்ற என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தாக இருந்த அவரை, பாஸ்போர்ட்டுக்காக விரித்து எழுதி இங்கே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். ஏரியூரில் ராகியும் நிலக்கடலையும் போட்டவர், சேலத்தைத் தாண்டாமலேயே செத்துப்போனவர்.

"யாரோ ஒருத்தி அப்பாவக் கூப்பிடறா பாப்பா" என்றார் அண்ணன். "சரியாக் கூப்பிடச் சொல்லு."

பெயரைத் தமிழில் எழுதி, அதை மட்டும் தமிழ் என்று குறித்தேன். இப்போது அந்த ஒற்றை வரியை இரண்டு பேர் வாசிக்கிறார்கள். "செல்வி மாதையன்" என்று தமிழ்க்காரி சரியாகச் சொல்கிறாள். ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. பிறகு ஜெர்மன்காரி நான் குடியிருக்கும் தெருவைச் சொல்கிறாள். அந்த இடைவெளியை எடுக்க முடியாதா என்று யோர்க்கிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு குரல் போய் இன்னொரு குரல் வர அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும் என்றார்.